நேர்ச்சைக் கோழியும் சந்தைச் சேவலும்

கோழி வளர்க்கும் எண்ணம் நமக்கு எந்நாளும் இருந்ததில்லை. குருமடத்தில் கழித்த ஆண்டுகளில், திருநாளன்று உணவறைக்கு வந்து சேரும் குழம்பின் வாயிலாகவே அப்பறவையோடு நமக்கு உறவு இருந்தது. நமது ஐம்பத்து மூன்றாம் வயதில், 2022-ஆம் ஆண்டு மே மாதம், இப்போதுள்ள பங்கிற்கு மாற்றலாகி வந்தோம். அடுத்த மாதமே, சூன் 13-ஆம் நாள், புனித அந்தோனியார் திருநாள். வழக்கம்போல் மக்கள் நேர்ச்சையாகக் கொண்டுவந்த கோழிகளைத் திருப்பலி முடிந்தபின் உபதேசியார் ஏலம் விட்டார். எல்லாம் விலை போயின. ஒன்று மட்டும் நின்றது. கழுத்தில் இறகு உதிர்ந்து, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்த கருநிறப் பெட்டை அது. கேட்பார் இல்லை. உபதேசியார் அதனைப் பங்கு இல்லத்தின் பின்புறத்து வேப்பமரத்தடியில் கட்டிவிட்டு, "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் சாமி" என்று சொல்லிப் போனார். அந்த நாளை வரவேயில்லை.

மூன்று வாரத்தில் கால் நேராகி, கழுத்தில் புதிய இறகும் முளைத்துவிட்டது. சூலைத் தொடக்கத்தில் ஒருநாள், அலுவலக அறையில் திருமுழுக்குப் பதிவேடுகள் அடுக்கிய பழைய அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு முட்டை கிடக்கக் கண்டோம். மறுநாள் ஒன்றில்லை, அதற்கு மறுநாள் இன்னொன்று. இவ்வாறு பதின்மூன்று சேர்ந்தன. எடுக்க நமக்கு மனம் வரவில்லை. ஒருநாள் காலை அது அவற்றின்மீது அமர்ந்துகொண்டு, கை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உறுமியது. அடைக்கு வந்துவிட்டது என்று நாமாகவே முடிவு செய்து, நாளேட்டில் நாளைக் குறித்து, இருபத்தொரு நாளை எண்ணத் தொடங்கினோம்.

நம் சமையற்கார அம்மாள் ஏழு நாள் ஒன்றும் பேசாதிருந்தார். ஏழாம் நாள் இரவு கைவிளக்கோடு வந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, விளக்கின் வாயில் வைத்து இருட்டில் காட்டினார். பதின்மூன்றும் தெளிந்த மஞ்சளாகவே ஒளிர்ந்தன. "சேவல் இல்லாத வீட்டில் குஞ்சு எப்படி வரும் சாமி? அத்தனையும் கூமுட்டை" என்றார். வாசகர்கள் நகைக்கலாம், நாம் நகைக்கும் நிலையில் இல்லை. தத்துவ வகுப்பிலே அரிஸ்டாட்டிலின் நால்வகைக் காரணங்களை மனப்பாடமாக ஒப்பித்துப் பாராட்டுப் பெற்றவர் நாம். அதே அரிஸ்டாட்டில், அடை வைத்த முட்டைகளை நாள்தோறும் ஒன்றாக உடைத்துப் பார்த்து, மூன்று நாள் சென்றபின் வெண்கருவில் இதயம் ஓர் இரத்தத் துளியாய்த் துடிப்பதை எழுதிவைத்துள்ளார் என்பதையும் அறிந்திருந்தோம். ஆயினும், சேவல் இன்றிக் குஞ்சில்லை என்பது அன்று நம் நினைவுக்கு வரவில்லை.

அம்மாள் பின்வேலியைக் கடந்து சென்று, அடுத்த வீட்டுப் பாட்டியிடம் பன்னிரண்டு முட்டைகள் வாங்கிவந்தார். பாட்டி கைம்பெண், பிள்ளைகள் வெளியூரில். பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் அவருக்கு இருந்தன. கோடைக்காலத்தில் ஒரு வாரத்திற்கு மேற்பட்ட முட்டை அடைக்கு ஆகாதென்று, புதியனவாகவே பொறுக்கித் தந்திருந்தார். காசு வாங்கவில்லை. கூடையில் மணல் பரப்பி, ஓரத்தில் ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பு ஆணியும் வைத்து, இரவோடிரவாக முட்டைகளை மாற்றினார்கள். இடிச் சத்தத்திற்கு முட்டை கெடாமலிருக்க ஆணி வைப்பது வழக்கமாம். நமக்கு அதில் நம்பிக்கையில்லை. எனினும் ஆணியை எடுத்துவிடவும் இல்லை.

அதற்குப்பின் நாம் கண்ட காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. நாளுக்கு ஒருமுறை மட்டும் அக்கோழி இறங்கி, அவசர அவசரமாகத் தீனி தின்று, நீர் பருகி, எச்சமிட்டுத் திரும்பிவிடும். முட்டைகளை அலகால் புரட்டி, ஓரத்திலிருப்பதை நடுவிற்கும் நடுவிலிருப்பதை ஓரத்திற்கும் தள்ளும். புரட்டாமற்போனால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு அழியும் என்பதை அதற்கு யார் சொல்லித் தந்தார்களோ! ஆகஸ்டு பிற்பகுதியில் பத்துக் குஞ்சுகள் பொரிந்தன. பொரிந்தவுடன் நாம் குருணையைத் தூவினோம், தாய் அசையவில்லை. மஞ்சட்கருவின் மிச்சம் குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டிருப்பதால் இரண்டு நாள்வரை அதற்குத் தீனி வேண்டாமாம். பின்தங்கிப் பொரியும் குஞ்சுக்காகத் தாய் காத்திருப்பதற்கு அந்த இரண்டு நாள் இடங்கொடுக்கிறது. எருசலேமுக்காக ஏங்கிய ஆண்டவர் தம்மைத் தாய்க்கோழிக்கு ஒப்பிட்டதை எத்தனையோ முறை மறையுரையில் எடுத்தாண்டிருக்கிறோம். ஒருமுறையேனும் அடைக்கோழியைப் பார்த்துவிட்டு அதனைப் பேசினோமா என்றால், இல்லை.

பத்தில் இரண்டைக் காகம் தூக்கிற்று. ஒன்று தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து இறந்தது. கிண்ணம் ஆழமாக இருந்தால் கூழாங்கற்களை இட்டு நிரப்பவேண்டும் என்பதை அதன்பின் கற்றோம். பகலில் பஞ்சாரத்தின்கீழ்க் கவிழ்த்து வைப்பதும், தாய் விரும்பும்போது திறந்துவிடுவதுமாக ஏழு தேறின. பாட்டி வேலிக்கு அப்பாலிருந்து ஒவ்வொரு பாடமாகச் சொல்லித் தருவார். பழைய மண்பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் ஓலைத் துண்டும் திணித்து, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், விடிவதற்குள் பானை நிறையக் கரையான் சேர்ந்துவிடும். அதனைக் குஞ்சுகள்முன் தட்டினால் அவை படும் ஆனந்தம் சொல்லிமுடியாது. குஞ்சுக்கு வேண்டிய புரதம் செலவின்றிக் கிடைக்கிறது. செள் பற்றாதிருக்க, சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் கொட்டிவைத்தால் கோழிகள் தாமே புரண்டு குளித்துக்கொள்ளும்.

பாட்டியின் கோழிகளுக்கெல்லாம் மஞ்சள் நிறக் கால்கள். வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. டார்வினும் அவ்வாறே எழுதினார். ஆனால் தோலின் மஞ்சள் நிறத்திற்குரிய மரபணு நம் தென்னாட்டு மலைகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென்று 2008-இல் ஆராய்ச்சியாளர் நிறுவினர். உலகெங்கும் கோடிக்கணக்கான கோழிகளின் கால்களில் நம் மலைக்காட்டு உறவு தெரிகிறது. இதனைப் பாட்டியிடம் சொன்னபோது, "அது கெடக்கட்டும் சாமி, ராத்திரி கூண்டுக் கதவைச் சாத்துனீகளா?" என்று கேட்டார்.

இத்தோடு நின்றிருக்கலாம். ஏழு குஞ்சு தேறியதும் நமக்குத் துணிவு மிகுந்துவிட்டது. அக்டோபர் தொடக்கத்தில், கால்நடைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய நந்தனம் கோழி இனத்தில் இருபது ஒருநாள் குஞ்சுகளை வாங்கிவந்தோம். நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டைதான் இடும். நந்தனம் அதனினும் மிகுதியாக இடும் என்பது நம் கணக்கு. இம்முறை தாய் இல்லை, நாமே தாய். பொருளறையில் அட்டையால் வட்டமாகத் தடுப்புக் கட்டி, உமி பரப்பி, அதன்மேல் செய்தித்தாள் விரித்து, குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கில் 40 வாட் குமிழ் விளக்கொன்றைத் தொங்கவிட்டோம். முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை வெப்பம் வேண்டும். பிறகு வாரந்தோறும் 3 பாகை குறைக்கலாம். வெப்பமானி இல்லாதவர்கள் குஞ்சுகளைப் பார்த்தே அறியலாம். விளக்கடியில் குவிந்து கிடந்தால் குளிர். தடுப்போரம் ஒதுங்கி வாய் திறந்து மூச்சிரைத்தால் வெப்பம் மிகுதி. பரவலாக ஓடியாடித் தின்றால் சரி.

இரண்டாம் வாரத்தில் ஓரிரவு மழையோடு மின்சாரம் நின்றது. நாம் உறங்கிவிட்டோம். விடியற்காலை மணியடிக்கும் நேரத்தில் கதவைத் திறந்தபோது குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்திருந்தன. குளிரைக் காட்டிலும் அக்குவியலே கொல்லும். அடியில் கிடந்த ஐந்து மூச்சுமுட்டி இறந்திருந்தன. ஒரு சட்டியில் கரி நெருப்பிட்டுச் சாம்பல் மூடி, காற்றோட்டத்தோடு பக்கத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறதாம். பிறகுதான் தெரிந்தது.

இனி எழுதப்போவதே இக்கட்டுரையின் பொருட்டு. கோழிக்கு வரும் நோய்களுள் கொடியது வெள்ளைக்கழிச்சல். 1920-களின் பிற்பகுதியில் குமாவோன் மலையிலுள்ள இராணிக்கேத் என்னும் ஊரில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் அதற்கு இராணிக்கேத் நோய் என்றும் பெயர். வந்தபின் மருந்தில்லை, வருமுன் காப்பதே வழி. குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மீண்டும், எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி. பதினைந்து நந்தனம் குஞ்சுகளுக்கும் முதல் இரண்டையும் ஒழுங்காகப் போட்டோம். எட்டாம் வாரம் திருவருகைக் காலத்தில் வந்தது. பாடற்குழுப் பயிற்சி, குடில் வேலை, வீடு சந்திப்பு என்று நாட்கள் ஓடின. "பண்டிகை கழியட்டும்" என்று தள்ளிவைத்தோம். தாயோடு வளர்ந்த ஏழிற்கோ ஒரு சொட்டும் போடவில்லை. நாட்டுக்கோழி தானே, தாங்கும் என்று எண்ணினோம்.

2023-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த வாரம், ஒரு துக்க வீட்டிற்குச் சென்று திரும்பும் வழியில் சந்தை கூடியிருந்தது. அங்கே ஒரு பெருவிடைச் சேவலைக் கண்டோம். முழங்கால் உயரம்; செம்பும் கருமையும் கலந்த நிறம்; பார்வையில் ஓர் அதிகாரம். விலை ரூ. 1,800 என்றான். பேரம் பேசவும் தோன்றவில்லை. கூட மூன்று பெட்டைகளையும் வாங்கினோம். அச்சேவல் நம் முற்றத்தில் நடந்துவர வேண்டும், பங்கு மக்கள் பார்க்கவேண்டும் என்ற ஆசை நம்மிடம் இருந்தது, மறைப்பதில் பயனில்லை. அன்று மாலையே நான்கையும் மற்றவற்றோடு ஒரே கொட்டகையில் விட்டோம்.

நான்காம் நாள் சந்தைப் பெட்டைகளில் ஒன்று இறகு தொங்கி, கண் மூடி, ஒரு மூலையில் நின்றது. எச்சம் பச்சையும் வெண்மையுமாக நீர்த்திருந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி மஞ்சள் கலந்த நீர் வைத்தோம். மறுநாள் அது இறந்தது. ஒரு வாரத்தில் கழுத்து முறுக்கிக்கொண்டு வானைப் பார்த்துச் சுழலும் கோழிகளும், வாய் பிளந்து மூச்சுக்கு ஏங்கும் கோழிகளுமாக முற்றம் மாறியது. கால்நடை மருந்தகத்து மருத்துவர் வந்து பார்த்து, இறந்தவற்றை ஆழக்குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் சொன்னார். ஏலத்தில் யாரும் கேளாத அந்தக் கருங்கோழியை நாமே புதைத்தோம். இருபத்தேழில் ஆறு பிழைத்தன. அவை யாவும் நந்தனம். பெருவிடைச் சேவல் எட்டாம் நாள் இறந்தது.

நம் இழப்பு நம்மோடு நின்றிருந்தால் எழுதவேண்டியதில்லை. நம் முற்றத்தில் சிந்திய தானியத்தைப் பொறுக்கப் பாட்டியின் கோழிகள் நாள்தோறும் வேலி நுழைந்து வருவது வழக்கம். எச்சத்தாலும் தீனியாலும், நம் செருப்படி மண்ணாலுங்கூட அந்நோய் பரவும். பத்து நாளில் பாட்டியின் பதினொன்றும் போயின. தேநீர்க்கடைக்கும், பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் முட்டை விற்று, அக்காசில்தான் அவர் மாத்திரை வாங்கிவந்தார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "சாமி வீட்டுக் கோழியவே விடலையே, நம்ம எம்மாத்திரம்" என்று நம் காதுபடவே ஆறுதல் கொண்டார்.

கண் வைத்தவர் நாம்தான் என்பது நமக்குத் தெரியும். சந்தைக் கோழி வந்த நாளையும், முதற்கோழி இறந்த நாளையும், பாட்டியின் முதற்கோழி இறந்த நாளையும் நாளேட்டில் அடுத்தடுத்துப் பார்த்தால் குழந்தைக்கும் விளங்கும். ஆயினும் பதினொரு நாள் நாம் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமைதோறும் பிறர் தம் குற்றங்களைச் சொல்லக் கேட்டுக் கேட்டு முப்பதாண்டை நெருங்கும் நமக்கு, முப்பது அடி நடந்து வேலியைக் கடக்கக் கால் வரவில்லை. பணமாகக் கொடுத்துவிடலாமா, சமையற்கார அம்மாள் மூலம் சொல்லியனுப்பலாமா என்றெல்லாம் எண்ணினோம். 'தெரிந்து செய்ததன்றே, இதில் குற்றம் எங்கே?' என்று நாம் பயின்ற நெறியியலும் துணைக்கு வந்தது. அத்துணை வெறுப்பாக அந்நூல்களை நாம் ஒருநாளும் நினைத்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் மாலை சென்றோம். பாட்டி வெறும் பஞ்சாரத்தைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் வற்றல் காயவைத்திருந்தார். நின்றபடியே சொன்னோம்: நோய் சந்தையிலிருந்து நம் வீட்டிற்கும், நம் வீட்டிலிருந்து அவர் வீட்டிற்கும் வந்தது, ஊசியை நாம் தள்ளிப்போட்டதும் உண்மை. பாட்டி சிறிது நேரம் வற்றலைத் துழாவிக்கொண்டிருந்தார். பிறகு, "சந்தைக் கோழியக் கொண்டாந்து நேரா உள்ள விடுவாகளா சாமி? ரெண்டு மூணு வாரம் தனியாக் கட்டிப் போட்டுல்ல பாக்கணும்! இத்தனை கேட்டீக, இதை ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். குரலில் கோபம் இருந்தது. அக்கோபம் நியாயமானது, அதனைத் தணிக்கும் சொல் எதுவும் நம்மிடம் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூட அன்று அவர் கேட்கவில்லை.

கொட்டகையின் மேல்மண்ணை வெட்டியெடுத்துப் புதைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பிழைத்த ஆறனைத் தனியே வைத்து, புதுக்குஞ்சு எதுவும் வாங்காமல் ஐந்து மாதம் காத்திருந்தோம். அந்த ஐந்து மாதமும் பாட்டியின் மாத்திரைச் செலவை நாம் ஏற்கிறோம் என்றோம். முதலில் மறுத்தவர், பின்பு கணக்கு எழுதிவைப்பதாயின் சரி என்றார். சூலையில் இருபத்தைந்து நாட்டுக் குஞ்சுகள் வாங்கி, மூன்று தடுப்பு மருந்தையும் நாள் தவறாமல் போட்டு, ஊசிக்குப் பின் இரண்டு வாரம் பொறுத்து, பதினொரு கோழிகளைக் கூடையில் கொண்டுபோய்ப் பாட்டியின் முற்றத்தில் இறக்கினோம். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி, காலையும் கொண்டையையும் பார்த்து, இரண்டைத் தனியே ஒதுக்கினார். "நம்மகிட்ட இருந்தது ஒரு சேவலும் பத்துப் பெட்டையும். இதுல மூணு சேவல் இருக்கு. ரெண்டை மாத்திக் குடுங்க" என்றார். மாற்றிக் கொடுத்தோம்.

கோழி வளர்க்க விழையும் குடும்பத்தார் பலர் நம்மிடம் ஆலோசனை கேட்கிறார்கள். ஐந்து பெட்டை, ஒரு சேவலோடு தொடங்குங்கள் என்கிறோம். முட்டையோடு உறுதியாயிருக்கக் கிளிஞ்சலை நொறுக்கி வையுங்கள். அடுக்களை மிச்சத்தோடு கம்பும் குருணையும் போதும். கீரி நுழையாதபடி கூண்டின் வலைக்கண் சிறிதாயிருக்கட்டும். மற்றவற்றைப் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளும்படி அனுப்பிவிடுகிறோம். நாட்டுக்கோழிகளுக்கான கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாமைக் கால்நடைத் துறையினர் பெப்ருவரியில் நடத்துவதுண்டு. 2024-இல் நம் பங்கில் விடியுமுன்னே, கோழிகளைத் திறந்துவிடுமுன், வீடு வீடாகப் பிடித்துக் கொடுத்தவர் பாட்டிதான். பனிக்கட்டிப் பெட்டியைச் சுமந்து பின்னால் நடந்தது நாம். "றெக்கைய அமுக்காதீக சாமி, சேத்துப் புடிங்க" என்று தெருவெல்லாம் கேட்கும்படி நமக்குப் பாடம் நடந்தது.

சென்ற வாரம் நம் சேவல் முதுமையடைந்து கூவுவதையும் குறைத்துக்கொண்டது. வேறொன்று வாங்கலாமென்று இருக்கிறோம் என்று வேலியோரம் நின்று சொன்னோம்.

முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த பாட்டி தலை நிமிரவில்லை.

"எந்தச் சந்தை?" என்றார்.